முகம் தெரியணும்

கப்பல் கம்பெனி ஏஜென்ட் கொண்டுவந்த காகிதக் கோப்பை வைக்க அந்த வீட்டில் இடமில்லை. மழை பிடித்துக்கொண்டு ஆறு நாளாகிறது. ஒரு துணி காயவில்லை. கூடத்தின் குறுக்கே நாலு கொடி கட்டி ஈரத்தையெல்லாம் தொங்கப் போட்டிருந்ததால், வந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டே நாற்காலிவரை வரவேண்டியதாயிற்று. இருக்கிற ஒரே மேசையில் இஸ்திரிப் பெட்டி. சாரங்கு அதை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, துண்டால் மேசையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

சாரங்கு என்றால் கப்பலின் தளத்தில் வேலை செய்கிற ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. இவனுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கடல்தான். குரலை எடுத்தானானால் பேய்க்காற்றிலும் கப்பலின் அந்தக் கோடிவரை கேட்கும். அப்படிப்பட்ட ஆள் கரைக்கு வந்த இந்த ஏழு வாரத்தில் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். தங்கச்சி புருஷன் அதே கப்பலில், இவன் கண்ணெதிரே செத்துப்போனான். அவனை அந்தக் கப்பலில் சேர்த்துவிட்டவனும் இவனேதான். இதற்குமேல் என்னத்தைப் பேச?

"வியாழக்கிழமை விசாரணை," என்றார் ஏஜென்ட், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "புதுச் சட்டம் வந்தப்புறம் நடக்குற மொத விசாரணை இதுதான். பத்திரிகைக்காரங்கல்லாம் வருவாங்க. அதான் கம்பெனி எல்லாத்தையும் சுத்தமா வச்சுக்கணும்னு பாக்குது. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். இதுல ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"என்ன எழுதியிருக்கு?"

"இந்தந்தத் தேதியில பயிற்சி நடந்துச்சு, நான்தான் முன்ன நின்னு நடத்தினேன்னு நீங்க சொல்றதா எழுதியிருக்கு, அவ்வளவுதான். ஏற்கெனவே பதிவேட்டுல நீங்க போட்ட கையெழுத்துதானே?"

பழைய கப்பல் சட்டம் சாரங்கின் அப்பா பிறப்பதற்கு முன்னால் எழுதினது. ஆள் செத்தால் கம்பெனி கட்டுகிற அபராதத்துக்கு ஒரு டின் பெயின்ட் வாங்க முடியாது. திருத்த வேண்டும், உலகத் தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று இருபது வருஷம் பேசினார்கள். ஒருவழியாகக் கொண்டும் வந்தார்கள். காற்றில்லாத இடத்தில் மயங்கிக் கிடப்பவனை வெளியே தூக்கிவரும் பயிற்சி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். பதிவேட்டில் பொய் எழுதினால், எழுதியவனின் கப்பல் புத்தகம் ரத்து, பிறகு எந்தக் கப்பலிலும் வேலை கிடையாது, ஜெயிலும் உண்டு. அந்தச் செய்தி வந்த அன்றைக்குக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். சாரங்கும்தான் தட்டினான்.

பின்கட்டிலிருந்து தங்கச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏஜென்ட் எழுந்து நின்றார்.

"உக்காருங்க," என்றாள். "இது என்ன பேப்பரு?"

"விசாரணைக்குக் கம்பெனி குடுக்குற அறிக்கைம்மா. நீங்க இதையெல்லாம்..."

அவள் எடுத்துப் படித்தாள். படிக்கும்போது வலது ஆள்காட்டி விரல் வரிக்கு அடியில் ஓடியது. அவளுடைய தொழில் பழக்கம் அது. சட்டைக் கம்பெனியில் பதின்மூன்று வருஷமாகச் செக்கிங். வெளிச்ச மேசை முன்னால் எட்டு மணி நேரம் நின்றபடி, வந்து விழுகிற சட்டையைப் பிரித்து, காலர், தோள், கை, பொத்தான் என்று விரலை ஓட்டி, எங்கே தையல் விட்டிருக்கிறதோ எங்கே கறை இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்குத் தொண்ணூறு சட்டை.

விரல் ஓரிடத்தில் நின்றது.

"'தன் கவனக்குறைவால்'னு போட்டிருக்கே."

"அது சட்ட வார்த்தைம்மா. எல்லா அறிக்கையிலயும் வரும். பயிற்சி குடுத்திருக்காங்க. அப்படி இருந்தும் மீட்டர் வச்சுக் காத்தப் பாக்காம, முகமூடி போடாம சரக்கு அறைக்குள்ள எறங்கிட்டாரு. அத வேற எப்படிம்மா எழுதறது? நஷ்ட ஈட்டப் பத்திக் கவலையே படாதீங்க. இந்த வார்த்தையால அது ஒண்ணும் கொறையாது."

"நான் நஷ்ட ஈட்டக் கேட்டேனா?"

ஏஜென்ட் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பதினோரு வருஷம் அந்த ஆளோட குடும்பம் நடத்தினேன். வெளிய கெளம்பும்போது கேஸ் சிலிண்டர மூடினியா, சிலிண்டர மூடினியான்னு தெருமுனை வரைக்கும் கேட்டுக்கிட்டே வருவாரு. அவருக்கா கவனக்குறைவு? செத்தவரு வந்து இல்லன்னு சொல்லப் போறாரா, அந்தத் தைரியம். இந்த வார்த்தைய எடுக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எடுக்கணும்னா பயிற்சி நடக்கலன்னு ஆகணும்மா. நடந்திருக்கே." கோப்புக்குள்ளிருந்து பெரிய வண்ணப் படங்கள் ஐந்தை எடுத்து வைத்தார். "ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர். அஞ்சுலயும் உங்க வீட்டுக்காரர்தான் முன்னால நிக்கிறாரு, பாருங்க."

பார்த்தாள். உயரமான ஆள், கையில் மீட்டர், ஒரு பக்கமாகச் சாய்ந்த சிரிப்பு. கப்பலில் அவனுக்கு நெட்டை என்றே பேர். கதவு நிலைகளில் தலையை இடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

"இத ரெண்டு நாள் வச்சிட்டுப் போங்க. நான் அவரப் பாக்கணும்."

ஏஜென்ட் நல்ல மனுஷர். பிரதிதானே என்று வைத்துவிட்டுப் போனார். கையெழுத்து கேட்ட தாளையும் சாரங்கு பக்கம் நகர்த்தி வைத்தார். "அடுத்த மாசம் பெரிய கப்பல் ஒண்ணு எறங்குது. அதுல சாரங்கு வேலை உங்களுக்குத்தான்னு பேசி வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து குனிந்து துணிக்குள் புகுந்து வெளியேறினார்.

தங்கச்சி வேலைக்குப் போனதும் சாரங்கின் பெண்சாதி அடுப்படியிலிருந்தே ஆரம்பித்தாள். குழம்பில் கரண்டி சுற்றுகிற வேகத்திலேயே அவள் மனசு தெரிந்தது.

"கையெழுத்தப் போட்டுத் தொலைங்களேன். போட்டா என்ன கொறஞ்சிடும்? நெட்டை அண்ணன் திரும்பி வரப் போறாரா?"

"அவ கேக்குறாளே."

"அவ கேப்பா. பாவம், எரியுற வயிறு. நீங்க போய் நான்தான் பொய் எழுதினேன்னு சொன்னா உங்களத் தூக்கி உள்ள வைப்பான். அப்புறம் இந்த வீட்டுல ரெண்டு பொம்பளைங்க ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுதான் வேணுமா? நான் பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருங்கன்னுதான் சொல்றேன்."

சோறு போட்டாள். பருப்பும் முட்டையும் வைத்தாள். சாரங்கு பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போன பாடில்லை.

பிசைகிற சோற்றுக்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றது. செப்டம்பர் மாதம். மறுநாள் துறைமுகத்தில் ஆய்வாளர்கள் ஏறப்போகிறார்கள் என்று கரையிலிருந்து தகவல் வந்துவிட்டது. பதிவேட்டைப் பிரித்தால் பயிற்சிப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு துறைமுகம், சரக்கு ஏற்று, சரக்கு இறக்கு, துருவைச் சுரண்டு, பெயின்ட் அடி என்று ஓடுகிற கப்பலில் பயிற்சிக்கு யாருக்கு நேரம்? கேப்டன் ஒன்றும் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே கம்பெனி, கம்பெனிக்கு மேலே சரக்குக்காரன். "சாரங்கு, உன் போன்ல கேமரா நல்லா இருக்கும்ல? இன்னைக்கு அஞ்சையும் முடிச்சிடுவோம்," என்றார்.

அன்றைக்கு வேலை இல்லை என்றதும் ஆட்களுக்குக் குஷி. திருவிழா மாதிரிதான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். "மொதல்ல ஜனவரி! எல்லாரும் ஸ்வெட்டர் மாட்டுங்க!" என்று கேப்டன் சினிமா டைரக்டர் கணக்கில் கத்தினார். செப்டம்பர் வெயிலில் ஸ்வெட்டருக்குள் வேர்த்துக் கொட்டியது. பிறகு மார்ச். ஸ்வெட்டரைக் கழற்றி, ஒருத்தன் சட்டையை ஒருத்தன் மாற்றிப் போட்டு, ஸ்ட்ரெச்சரை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தூக்கி வைத்து, தொப்பியை மாற்றி. மே மாதத்துக்குத் தளத்தில் தண்ணீர் அடித்து மழை பெய்த மாதிரி ஈரமாக்கினார்கள். ஃபிட்டர் நோஞ்சான் ஆள், தூக்கச் சுலபம். அதனால் ஐந்திலும் அவனே மயங்கிக் கிடக்கிறவன். கீழே இறங்கி அவனைத் தோளில் போட்டுத் தூக்கி வருகிறவன் நெட்டை.

முதல் படத்துக்கு நெட்டை சரியாகத்தான் முகமூடி மாட்டி, முதுகில் காற்றுக் குப்பியையும் ஏற்றிக்கொண்டு நின்றான். சாரங்கு போனில் பார்த்தான். யார் என்றே தெரியவில்லை.

"அதக் கழட்டச் சொல்லு," என்றார் கேப்டன். "முகம் தெரியணும். இல்லன்னா யாரையோ நிக்க வச்சு எடுத்ததும்பான்."

"டேய் நெட்டை, மூஞ்சியக் காட்டுடா!" என்று கத்தினான் சாரங்கு.

"என் மூஞ்சியப் பாத்தா ஆய்வாளர் பயந்துடப் போறாரு மச்சான்," என்று அவன் முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தச் சாய்ந்த சிரிப்பைச் சிரித்தான். சரக்கு அறைக்குள் இறங்கும் மூடியைத் திறந்து, மீட்டரைப் பிடித்தபடி வெறும் முகத்தோடு ஏணியில் இறங்கினான். அறை காலியாகத்தான் இருந்தது, காற்றோட்டமாகவும் இருந்தது. ஃபிட்டரைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். இப்படி ஐந்து தடவை. கடைசியில் தளத்தில் மல்லாந்து படுத்து, "ஒரே நாள்ல ஒரு வருஷம் வயசாயிடுச்சு மச்சான்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சாரங்கு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

இரண்டு மாதம் கழித்து அதே அறையில் மரக்கட்டை ஏற்றினார்கள். பச்சை மரத்தை அடைத்து மூடி வைத்தால் அது உள்ளே இருக்கிற உயிர்க்காற்றையெல்லாம் தின்றுவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்தால் நல்ல வாசனைதான் வரும். பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்த அறைக்குள், அங்கே விட்டுவிட்ட கைவிளக்கை எடுக்க ஃபிட்டர் இறங்கினான். ஏழாவது படியில் கை விட்டு விழுந்தான். மேலே நின்ற நெட்டை பார்த்துவிட்டான். சாரங்கு முப்பது அடி தள்ளிக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். "நில்லுடா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான். அதற்குள் நெட்டை மளமளவென்று இறங்கிவிட்டான். ஃபிட்டரின் கையைப் பிடித்துத் தோளில் போட்டது தெரிந்தது. ஒரு படி ஏறினான். இரண்டாவது படியில் அப்படியே உட்கார்ந்தான்.

முகமூடியும் மீட்டரும் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. உடைந்தால் யார் பொறுப்பு என்று சாவி கேப்டன் அறையில் இருந்தது. எடுத்து வந்து, மாட்டிக்கொண்டு, இறங்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. அவ்வளவு நேரம் ஒரு மனுஷன் மூச்சில்லாமல் எப்படி இருப்பான்? இரண்டு பேரையும் பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள்.

"சோறு ஆறிடுச்சு," என்றாள் பெண்சாதி. சாரங்கு தட்டிலேயே கை கழுவினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மழை விட்டது. வேலை முடிந்து வந்த தங்கச்சி முகம்கூடக் கழுவவில்லை. கொடியில் இருந்த துணியை ஒரு பக்கமாக ஒதுக்கி, டியூப்லைட்டுக்கு நேர் கீழே மேசையை இழுத்துப் போட்டு, ஐந்து படத்தையும் வரிசையாக வைத்தாள்.

"அண்ணா, இங்க வா."

படங்களில் அங்கங்கே சிவப்பாக இருந்தது. அவளுடைய கம்பெனி அம்புகள். ஒரு பட்டை ஸ்டிக்கர் அவள் தோளிலேயே ஒட்டியிருந்தது, வேலையில் ஒட்டி வைத்துக்கொள்கிற மாதிரியே.

"நான் சொல்லச் சொல்லப் பாரு. ஜனவரின்னு போட்டிருக்கா? இடது கட்டைவிரல்ல பேண்டேஜ் இருக்கா? இது மார்ச். இங்கயும் அதே விரல். மே, ஜூலை, செப்டம்பர். ஒன்பது மாசம் ஆறாத காயமா அது? தகரத்துல வெட்டிக்கிட்டாரு. செப்டம்பர்ல, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போன்ல காட்டினாரு. பச்சப் புள்ளையா நீங்கன்னு திட்டினேன். நாலு நாள்ல ஆறிடுச்சு."

சாரங்கு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"இது அவரு சட்ட. எந்தச் சட்டையும் கை பத்தாதுன்னு நான்தான் துணி வச்சு நீட்டித் தச்சேன். இதோ ஒட்டுத் தையல் தெரியுது. இந்தப் படத்துல போட்டிருக்கறது அவருதே இல்ல. மணிக்கட்டுக்கு மேல ஒரு சாண் ஏறி நிக்குது. யாருது?"

"ஃபிட்டரோடது."

"ம். இந்த மீட்டரு. எங்க கம்பெனியில துணிக்குள்ள ஒடஞ்ச ஊசி இருக்கான்னு பாக்க ஒரு மெஷின் உண்டு. ஓடுச்சுன்னா வெளக்கு எரியும். இதுல எங்க எரியுது? அஞ்சுலயும் அணைஞ்சு கெடக்கு. அவருக்கு அத ஆன் பண்ணத் தெரியுமா அண்ணா?"

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். கேப்டனுக்குத் தெரியும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபமாகக் கேட்டால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான். அவள் சட்டை பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்துக்கொண்டே போனாள், அதுதான் அவனைக் கொன்றது.

"கடைசியா ஒண்ணு. எல்லாரும் இருக்காங்க. இது சமையல்காரர்தானே? அவரும் இருக்காரு. கேப்டன் ரெண்டுல இருக்காரு. அஞ்சுலயும் தேடிட்டேன். நீ இல்ல."

கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"போட்டோ எடுத்தது நீதானே?"

"ஆமாம்மா."

"ஏழு வாரமா ஒரே வீட்டுல ஒண்ணா சாப்பிடறோம்."

"சொல்ல வாய் வரல. சத்தியமா வரல."

அவள் தோளிலிருந்து ஒரு அம்பை உரித்தாள். படத்தின் மேல் எங்கே ஒட்டுவது என்று பார்ப்பவள் போல ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அண்ணனின் சட்டைப் பையில் ஒட்டினாள். மெதுவாகத்தான் ஒட்டினாள், மேலே தடவிக்கூடக் கொடுத்தாள். குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அந்தச் சத்தத்தையும் மீறி அவள் அழுவது கேட்டது.

பெண்சாதி வந்து பார்த்தாள். "என்னங்க இது சட்டையில?" என்று அம்பைப் பிய்த்து எறிந்தாள். பசை மட்டும் பிசுபிசுப்பாக நின்றது.

விசாரணை, துறைமுக அலுவலகத்தின் மாடியில். மறுபடியும் மழை பிடித்திருந்ததால் ஈரக் குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. விசிறி ஒன்று சுற்றும்போதெல்லாம் கறக் கறக்கென்றது. விசாரணை அதிகாரி ஒரு காலத்தில் கப்பலில் சீஃப் இன்ஜினீயராக இருந்தவர், நரைத்த தலை, நிதானமான பேச்சு. கம்பெனி வக்கீல் ஒரு பக்கம், வெள்ளைச் சட்டையில் கேப்டன் ஒரு பக்கம். கேப்டன் சாரங்கைப் பார்க்கவே இல்லை. தங்கச்சி கடைசிப் பெஞ்சில், மடியில் படங்களோடு உட்கார்ந்திருந்தாள். பெண்சாதியும் கூட வந்திருந்தாள், வரமாட்டேன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு.

"பயிற்சிய நடத்துற பொறுப்பு சாரங்கோடது," என்றார் கேப்டன். "பதிவேட்டுல அவர் கையெழுத்து இருக்கு. நான் அத நம்பினேன்."

வக்கீல் எழுந்தார். "இறந்தவருக்கு ஐந்து முறை முறையான பயிற்சி கொடுக்கப்பட்டது. சாரங்கு, ஆமான்னு மட்டும் சொன்னாப் போதும். குடுத்தீங்களா இல்லையா?"

சாரங்கு எழுந்து நின்றான். பெண்சாதி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"குடுத்தேங்க," என்றான்.

தங்கச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லன்னு சொல்ல முடியாதுங்க. அஞ்சு தடவ குடுத்தேன். மூஞ்சி தெரியணும், முகமூடியக் கழட்டுடான்னு சொன்னேன். கழட்டினான். ஓடாத மீட்டரக் கையில குடுத்தேன். புடிச்சுக்கிட்டான். எறங்குடான்னேன். எறங்கி, ஃபிட்டரத் தோள்ல போட்டுக்கிட்டு ஏறி வந்தான். சரியா வரலன்னு மறுபடியும் எறங்கச் சொன்னேன். அன்னைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தேனோ, அதையேதான் அவன் சாகுற அன்னைக்கும் செஞ்சான். ஒண்ணும் மாத்திச் செய்யல. அவன் கவனமாத்தான் இருந்தான். எல்லாம் ஒரே ஞாயித்துக்கிழமை எடுத்த படம், சார். எடுத்தவன் நான். எழுதினவனும் நான்."

தங்கச்சி எழுந்துபோய் அம்பு ஒட்டின படங்களை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து, அம்பு காட்டின இடத்தையெல்லாம் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"யார் சொல்லி எடுத்தீங்க?"

"கேப்டன் சொன்னாரு."

"எழுத்துல இருக்கா?"

"கப்பல்ல யாருங்க எழுதிக் குடுப்பாங்க? வாயால சொன்னதுதான்."

வக்கீல் ஏதோ குறித்துக்கொண்டார். கேப்டன் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க இப்ப சொன்னதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"தெரியுங்க. அந்தச் சட்டத்துக்கு நாங்கல்லாம் கை தட்டினோம்."

"அந்தப் பிரிவ எழுதின குழுவுல நானும் ஒருத்தன்." குரல் இறங்கியிருந்தது. "முதலாளிகள மனசுல வச்சுத்தான் எழுதினோம். உங்கள மாதிரி ஒருத்தர் முன்னால வந்து நிப்பாருன்னு யாரும் நெனைக்கல." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஆனா எழுதினது எழுதினதுதான்," என்றார்.

வாசலில் குடையைத் தேடும்போது பெண்சாதி அவன் காதோரம், "போதுமா? இப்பத் திருப்தியா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவள்தான் அவன் தலைக்கு நனையாமல் குடையைப் பிடித்தாள்.

உத்தரவு வர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் வெயில் வந்துவிட்டது, கொடியெல்லாம் மொட்டை மாடிக்குப் போய்விட்டது. அன்றைக்குத் தங்கச்சிக்கு வார விடுமுறை. கூடத்தில் நின்று துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். உறையைப் பிரித்து, விரலை ஓட்டி, சத்தமாகவே படித்தாள்.

'தன் கவனக்குறைவால்' போயிருந்தது. அந்த இடத்தில் 'உரிய பயிற்சி அளிக்கப்படாத நிலையில், சக ஊழியரைக் காப்பாற்றும் முயற்சியில்' என்று இருந்தது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள். அடுத்து, பொய்யான பதிவு செய்ததற்காகச் சாரங்கின் கப்பல் புத்தகம் நிரந்தரமாக ரத்து. வழக்குத் தொடரப் பரிந்துரை. கேப்டன் உத்தரவிட்டதற்கு எழுத்துபூர்வமான ஆதாரம் இல்லாததால் அவருக்கு எச்சரிக்கை மட்டும். கம்பெனி பதிவேட்டை நம்பி ஏமாந்ததாகத் தெரிகிறது. இனிமேல் பயிற்சிப் படங்கள் அனைத்திலும் தேதியும் நேரமும் தெரியும்படி எடுக்க வேண்டும்.

"தேதி தெரியணுமாம்," என்றான் சாரங்கு. "போன்ல தேதிய மாத்துறதுக்கு அர நிமிஷம் ஆகாது."

தங்கச்சி தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். "நீ உண்மையச் சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எனக்குக் கோவம் போகல. போகும்னும் தோணல."

"போக வேண்டாம்."

அவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அடுத்த துணியை விரித்தாள். அவனுடைய சட்டைதான். பையின் மேல் அந்தப் பசைக் கறை எத்தனை தோய்த்தும் போகவில்லை. அதைச் சுற்றித் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் படம் அஞ்சும் எடுக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எதுக்கு?"

"சொல்லு."

"மதியச் சாப்பாடு முடிச்சு ஆரம்பிச்சோம். சட்ட மாத்தி, தண்ணி அடிச்சு, வெளிச்சம் சரியில்லன்னு திருப்பித் திருப்பி எடுத்து... ரெண்டு மணி நேரம். ரெண்டரை இருக்கும்."

"நெசமான பயிற்சிக்கு?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"மீட்டர ஆன் பண்ணச் சொல்லிக் குடுத்து, முகமூடி போட்டு, ஒரு தடவ ஒழுங்கா எறங்கி ஏறுறதுக்கு எவ்வளவு நேரம் அண்ணா?"

"முக்கா மணி நேரம்," என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். சட்டையை மடித்து அவன் கையில் கொடுத்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.